வெனிஸ் ட்ரிப்: ‘ஒரு நாள் போதும்டா’ என்று முடிவெடுக்கும் முன் இதைப் படிங்க!

இத்தாலியின் வெனிஸ் நகரில், ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சதுக்கம். அங்கே ஒரு மருந்துக்கடை. அதன் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டிஜிட்டல் பலகை. அதில் ஓடுவது தங்கம் விலையோ, வெப்பநிலையோ இல்லை. அந்தத் தீவு நகரில் இன்றைக்கு எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. 2008-ல் பலகை வைத்தபோது அது 60 ஆயிரத்துக்கு மேல் இருந்தது. 2022 ஆகஸ்டில் 50 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்னும் குறைந்துகொண்டே போகிறது.

இப்போது இன்னொரு காட்சி. ஐரோப்பா ட்ரிப் போடுகிற எந்த நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இந்தப் பேச்சு வந்தே தீரும்.

“மச்சி, வெனிஸ் சின்ன ஊர்தான். ஒரு நாள் போதும்டா.”

“ஆமா, ரூம் காஸ்ட்லி. காலையில் ட்ரெயின்ல போய் போட்டோ எடுத்துட்டு, சாயங்காலம் கிளம்பிடலாம்.”

நான்கு தம்ஸ்அப். முடிவு ஆச்சு.

அந்த மருந்துக்கடைப் பலகைக்கும் இந்த நான்கு தம்ஸ்அப்புக்கும் தொடர்பு இருக்கிறது. அது என்ன, ஒரு நாள் பயணத்தில் நிஜமாகவே காசு மிச்சமாகிறதா, நண்பர்களோடு இந்த ஊரை எப்படிப் பார்த்தால் ஊருக்கும் நல்லது, நமக்கும் நல்லது? பார்ப்போம்.

வெனிஸில் ஏன் ஆட்கள் குறைகிறார்கள்?

சிறு தீவுகள் 118, அவற்றை இணைக்கும் பாலங்கள் 400-க்கும் மேல். அதுதான் பழைய வெனிஸ். கார் இல்லை, பைக் இல்லை. ஆம்புலன்ஸ், குப்பை வண்டி, கூரியர் எல்லாமே படகுதான். 1951-ல் இந்தத் தீவு நகரில் சுமார் 1.75 லட்சம் பேர் வாழ்ந்தார்கள்.

மக்கள் வெளியேறத் தொடங்கியதற்குச் சுற்றுலா மட்டும் காரணம் இல்லை. எதிர்க்கரையில் நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரே, மார்கேரா பகுதிகளில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. லிஃப்ட் வைத்த புது வீடு, வாசலில் கார் நிறுத்த இடம் எல்லாம் இருந்தன. 1966 நவம்பர் 4-ம் தேதி கடல்நீர் மட்டம் 194 சென்டிமீட்டர் வரை உயர்ந்து ஊரே மூழ்கியது. தரைத்தளத்தில் குடியிருந்த பலருக்கு அது கடைசி அடி.

பிறகு வந்தது சுற்றுலா அலை. வாடகைக்கு ஆள் தேடிய வீட்டுக்காரர்களுக்கு, ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதில் பல மடங்கு லாபம். மளிகைக் கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை வந்தது. 2023-ல், தீவு நகரில் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டியது. அதாவது, ஊரில் இருக்கும் ஆட்களைவிட விருந்தாளிகளுக்கான கட்டில்கள் அதிகம்!

அப்படியென்றால் தங்குபவர்கள்தானே பிரச்சினை? ஒரு நாள் போய் வந்தால் நல்லதுதானே?

நியாயமான கேள்வி. ஆனால் நடப்பது வேறு. வெனிஸுக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் இரவு தங்காதவர்கள். கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வருகிறார்கள், ஒரே பாதையில் நடக்கிறார்கள்: ரயில் நிலையம், ரியால்டோ பாலம், சான் மார்கோ சதுக்கம். மாலையில் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பீட்சா துண்டு, ஒரு ஃப்ரிட்ஜ் மேக்னட். ஊருக்குக் கிடைக்கிற வருமானம் அவ்வளவுதான். ஆனால் குப்பை அள்ளுவதும், படகுத்துறையில் கூட்டத்தைச் சமாளிப்பதும் ஊரின் செலவு. கையில் காய்கறிப் பையோடு வரும் பாட்டியால் சொந்த ஊர்ப் படகில் ஏற முடிவதில்லை.

இதனால்தான் வெனிஸ் மாநகராட்சி பல கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 1 முதல் சான் மார்கோ முன்பாகப் பெரிய சொகுசுக் கப்பல்கள் போவதை இத்தாலிய அரசு தடை செய்தது. 2024 முதல், வழிகாட்டியோடு வரும் குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒலிபெருக்கி வைத்துப் பேசக் கூடாது. அதே ஆண்டில் வந்ததுதான் உலகமே பேசிய நுழைவுக் கட்டணம்.

நுழைவுக் கட்டணம் யாருக்கு? எவ்வளவு?

2024 ஏப்ரல் 25-ல் தொடங்கியது. கூட்டம் அதிகம் வரும் குறிப்பிட்ட நாட்களில் மட்டும், காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை, ஒரு நாள் பயணிகளுக்கு மட்டும் இந்தக் கட்டணம். முதல் ஆண்டில் 29 நாட்கள், தலைக்கு 5 யூரோ. 2025-ல் 54 நாட்கள். முன்கூட்டியே பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் என்றால் 10 யூரோ. முதல் ஆண்டில் சுமார் 4.85 லட்சம் பேர் கட்டினார்கள். வசூல் சுமார் 24 லட்சம் யூரோ.

14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. முக்கியமான விஷயம்: வெனிஸ் மாநகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்கும் இது கிடையாது. அவர்கள் ஹோட்டல் பில்லோடு தங்கும் வரியாகச் சில யூரோ கட்டிவிடுகிறார்கள். ஆனால் ‘எனக்கு விலக்கு உண்டு’ என்று மாநகராட்சியின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பதிந்து, க்யூஆர் கோடு வாங்கி போனில் வைத்திருக்கணும். கட்டணமும் இல்லாமல், விலக்குச் சான்றும் இல்லாமல் மாட்டினால் 50 முதல் 300 யூரோ வரை அபராதம்.

மெஸ்த்ரேவும் அதே மாநகராட்சிக்குள்தான் வருகிறது. எனவே அங்கே தங்குபவர்களுக்கும் விலக்கு உண்டு. கட்டணம் உள்ள நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். டிக்கெட் போடும் முன் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

கட்டணத்தால் கூட்டம் குறைந்ததா? பெரிதாக இல்லை என்பதுதான் உள்ளூர்க்காரர்கள் பலரின் விமர்சனம். 5 யூரோவுக்காக யாரும் வெனிஸை வேண்டாம் என்று சொல்வதில்லை. ‘டிக்கெட் வாங்கி நுழைய எங்கள் ஊர் என்ன மியூசியமா?’ என்று கேட்டு முதல் நாளே போராட்டமும் நடந்தது.

ஒரு நாள் பயணத்தில் நமக்கு என்ன நஷ்டம்?

காசுக் கணக்கை விடுங்கள், முதலில் நேரக் கணக்கைப் போடுவோம்.

காலை 10 மணிக்கு ரயிலில் இறங்கி மாலை 5 மணிக்குக் கிளம்புகிறீர்கள். கையில் இருப்பது 7 மணி நேரம். அந்த 7 மணி நேரமும் ஊரில் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம். ரயில் நிலையத்திலிருந்து சான் மார்கோ வரை கூட்டமில்லாமல் நடந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூட்டத்தில் ஒவ்வொரு பாலத்திலும் நின்று நின்றுதான் போகணும். டோஜ் அரண்மனைக்கு ஒரு வரிசை, பசிலிக்கா தேவாலயத்துக்கு ஒரு வரிசை. நான்கு பேரில் ஒருவர் கழிப்பறை தேடுவார், ஒருவருக்குப் பசி, ஒருவர் போன் சார்ஜ் இல்லை என்பார். மிச்சம் என்ன? மற்றவர்களின் முதுகு தெரியும் 200 போட்டோக்கள்.

இப்போது இன்னொரு கணக்கு. மாலை 4 மணிக்கு வந்து இறங்குகிறீர்கள். மறுநாள் மதியம் 12 மணிக்குக் கிளம்புகிறீர்கள். மொத்தம் 20 மணி நேரம். 8 மணி நேரத் தூக்கத்தைக் கழித்தால் 12 மணி நேரம். அதில் பெரும்பகுதி, ஒரு நாள் பயணிகள் ஊரில் இல்லாத நேரம். பகலில் தோளோடு தோள் உரசும் சான் மார்கோ சதுக்கத்தில், காலை 7 மணிக்குப் புறாவும் துப்புரவுப் பணியாளர்களும்தான் இருப்பார்கள். அதே ஊர், அதே கட்டடம், வேறு அனுபவம். இந்தக் காலைக்கும் இரவுக்கும் தனி டிக்கெட் கிடையாது; அங்கே தங்குவதுதான் டிக்கெட்.

எங்கே தங்குவது? அப்பார்ட்மென்ட் எடுக்கலாமா?

சங்கடமான கேள்வி இதுதான். நான்கு பேர் சேர்ந்தால் அப்பார்ட்மென்ட்தான் மலிவு. கிச்சன் இருக்கும், சாம்பார் பொடி கொண்டுபோய்ச் சமைத்துக்கொள்ளலாம். ஆனால் தீவுக்குள் அப்படி நாள் வாடகைக்குப் போகிற ஒவ்வொரு வீடும், ஒரு வெனிஸ் குடும்பம் குடியிருந்திருக்கக்கூடிய வீடு. மருந்துக்கடைப் பலகையில் எண் குறைய அதுவும் ஒரு காரணம்.

சமாளிக்க மூன்று வழிகள். ஒன்று, தீவுக்குள்ளேயே பதிவு பெற்ற ஹோட்டல் அல்லது ஹாஸ்டல். எதிரே உள்ள ஜுதேக்கா தீவிலும் ஹாஸ்டல் உண்டு. படகில் சில நிமிடம்தான். இரண்டு, மெஸ்த்ரே. அறை வாடகை நன்றாகவே குறையும். ரயிலில் 10 நிமிடம், இரவில் நேரம் கழித்தும் பஸ் உண்டு. மூன்று, அப்பார்ட்மென்ட்தான் என்றால், சட்டப்படி நடப்பதா என்று பாருங்கள். குறுகிய கால வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் சிஐஎன் என்ற தேசிய அடையாள எண் வேண்டும் என்று இத்தாலி விதித்திருக்கிறது. 2025 தொடக்கத்திலிருந்து அது கட்டாயம். விளம்பரத்தில் அந்த எண் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நாலு பேர் பர்ஸ்: எதில் மிச்சம் பிடிக்கலாம்?

சுலபத்துக்கு ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளவை 2025-ல் இருந்த விலைகள்.

*படகு பஸ்:* உள்ளூரில் வாப்பரெட்டோ என்பார்கள். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. 24 மணி நேர பாஸ் 25 யூரோ. மூன்று முறை ஏறினாலே பாஸ் லாபம். பாஸ் கணக்கு முதல் முறை மெஷினில் தட்டிய நேரத்திலிருந்துதான் தொடங்கும். மாலை 4 மணிக்குத் தட்டினால் மறுநாள் மாலை 4 வரை செல்லும். 29 வயது வரை உள்ளவர்களுக்கு ‘ரோலிங் வெனிஸ்’ என்ற சலுகை அட்டை இருக்கிறது. மூன்று நாள் பாஸ் எடுப்பதாக இருந்தால் கேளுங்கள். ஒன்றாம் எண் படகு பெரிய கால்வாய் முழுக்க நின்று நின்று போகும். மாலை வெளிச்சத்தில் அதில் ஒரு முறை போனாலே ஊர்வலம் பார்த்தது மாதிரி செமயா இருக்கும்.

*கோண்டோலா:* இங்கேதான் நண்பர்கள் குழுவுக்கு லாபம். மாநகராட்சி நிர்ணயித்த விலை பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ. இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. இது ஆளுக்கு அல்ல, படகுக்கு! அதிகபட்சம் 5 பேர் ஏறலாம். ஐந்து பேராகப் போனால் பகலில் தலைக்கு 18 யூரோ. ஏறும் முன்பே விலையையும் நேரத்தையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

*அதுவும் வேண்டாமா?* பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க ‘த்ரகெத்தோ’ என்ற படகு உண்டு. கோண்டோலா மாதிரியேதான் இருக்கும். கட்டணம் 2 யூரோ. இரண்டே நிமிடம்தான், ஆனால் உள்ளூர்க்காரர்களோடு போவீர்கள்.

*காபி, சாப்பாடு:* கவுன்டரில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை. சான் மார்கோ சதுக்கத்துக் கஃபேக்களில் இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தால் அதற்கும் பில்லில் தனிக் கட்டணம் வரும். ஹோட்டல் பில்லில் ‘கொப்பெர்த்தோ’ என்று தலைக்கு ஒரு தொகை இருந்தால் பதறாதீர்கள். அது உட்கார்ந்து சாப்பிடுவதற்கான வழக்கமான கட்டணம்தான். உள்ளூர்க்காரர்கள் ‘பாக்காரோ’ என்ற சின்னக் கடைகளில் நின்றுகொண்டே, ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது வைத்துத் தரும் ‘சிக்கேத்தி’ சாப்பிடுவார்கள். நம்ம ஊர் டீக்கடை பெஞ்ச் மாதிரி. சைவக்காரர்களுக்கும் சீஸ், கத்தரிக்காய், ஆர்ட்டிசோக் வைத்தவை கிடைக்கும். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். தெருவில் இருக்கும் பொதுக் குழாய்களில் குடிநீர் இலவசம்.

நாலு பேருக்கு நாலு விருப்பம்… என்ன செய்வது?

குழுவாகப் போகும் ட்ரிப்பில் சண்டை வருவது பெரும்பாலும் காசால் இல்லை, வேகத்தால். ஒருவருக்கு ஓவியத்தின் முன்னால் அரை மணி நேரம் வேணும். இன்னொருவருக்கு ரீல்ஸ். வேறொருவருக்குச் சாப்பாடு. வெனிஸ் இதற்குத் தோதான ஊர். வண்டி மோதும் பயம் இல்லை. தொலைந்து போனாலும் அரை மணி நேரத்தில் ஏதாவது ஒரு தண்ணீர்க் கரையில் வந்து முட்டுவீர்கள். அதனால் துணிந்து பிரியலாம்.

ஆளுக்கு ஓர் இடம் தேர்வு செய்யுங்கள். அந்த இடத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். மிச்ச நேரத்தில் அவரவர் வழி. இப்படி ஒரு காலையைப் பிரிக்கலாம்:

* ஓவியம் பிடித்தவர் ஃப்ராரி தேவாலயத்துக்குப் போகட்டும். டிஷியன் வரைந்த அன்னை மரியாளின் விண்ணேற்பு ஓவியம், 500 ஆண்டுகளுக்கு முன் எந்தப் பீடத்துக்காக வரையப்பட்டதோ அதே பீடத்தில் இருக்கிறது.
* சமையல் ஆர்வம் உள்ளவர் ரியால்டோ சந்தைக்கு. மீன் பகுதி ஞாயிறும் திங்களும் கிடையாது.
* வரலாறு பிடித்தவர் கெத்தோவுக்கு. 1516-ல் யூதர்களை ஒரு தீவுக்குள் ஒதுக்கி, இரவில் கதவைப் பூட்டிய இடம். உலகம் முழுக்கப் புழங்கும் ‘கெட்டோ’ என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான்.
* ரீல்ஸ்காரர் லிப்ரேரியா ஆக்வா ஆல்டா புத்தகக் கடைக்கு. வெள்ளத்துக்குப் பயந்து படகுக்குள்ளும் குளியல் தொட்டிக்குள்ளும் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

திரும்பச் சந்திக்கும் இடத்தை மட்டும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். இங்கே வீட்டு எண் தெருவுக்கு அல்ல, வட்டாரத்துக்குத்தான். பழைய நகரில் மொத்தம் ஆறு வட்டாரங்கள். ஒவ்வொன்றிலும் எண் ஆயிரக்கணக்கில் போகும். சந்துகளில் மேப் புள்ளி குதித்துக்கொண்டே இருக்கும். எனவே “அந்தக் கடை வாசல்” வேண்டாம். ஒரு தேவாலயத்தின் பெயரையோ படகுத்துறையின் பெயரையோ வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ரியால்டோ, சான் மார்கோ என்று அம்புக்குறியோடு மஞ்சள் பலகைகள் வழி காட்டும்.

எதைச் செய்தால் அபராதம்?

2019-ல் ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டு பயணிகள் ரியால்டோ பாலத்தின் படியில் உட்கார்ந்து, கையடக்க அடுப்பில் காபி போட்டார்கள். அபராதம் 950 யூரோ. கூடவே ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

பாலத்துப் படியிலும் சான் மார்கோ சதுக்கத்துத் தரையிலும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. கால்வாயில் குதிக்கக் கூடாது. புறாவுக்கு இரை போடக் கூடாது. தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

சட்டப் புத்தகத்தைத் தாண்டியும் சில உண்டு. சந்தில் வலது பக்கமாக நடங்கள். பாலத்தின் நடுவில் நான்கு பேரும் நின்று குரூப் செல்ஃபி எடுக்கும்போது, பின்னால் ஒருவர் வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்க்கொண்டிருப்பார். அவருக்கு அது காட்சி அல்ல, தினமும் நடக்கும் வழி.

எப்போது போகலாம்?

ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். நவம்பர், ஜனவரி அமைதி. அறை வாடகையும் குறைவு. ஆனால் இலையுதிர், குளிர்காலத்தில்தான் ‘ஆக்வா ஆல்டா’ எனும் உயர் அலை வரும். 2019 நவம்பர் 12-ல் 187 சென்டிமீட்டர் வரை ஏறியது. அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. கடல்வாய்களில் 78 இரும்புக் கதவுகளை எழுப்பி அலையைத் தடுக்கும் ‘மோசே’ தடுப்பு, 2020 அக்டோபரில் முதன்முறை வேலை செய்தது. பெரிய வெள்ளம் இப்போது ஊருக்குள் வருவதில்லை. தாழ்வான சான் மார்கோவில் மட்டும் சில நாள் கணுக்கால் தண்ணீர் நிற்கலாம்.

நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய கணக்கு

வெனிஸ் விமான நிலையத்தின் பெயர் மார்கோ போலோ. 1254-ல் பிறந்த இந்த வணிகர் சீனாவிலிருந்து கடல்வழியாகத் திரும்பியபோது நம் கரையையும் பார்த்தார். ‘மாபார்’ என்று அவர் குறிப்பிட்டது பாண்டியர் ஆண்ட சோழமண்டலக் கரை. முத்துக் குளிப்பதையும், அரேபியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்குவதையும் எழுதினார். அவர் சொல்லும் ‘கைல்’ துறைமுகம், தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல். அவர் குடும்பத்து வீடு இருந்த இடம் ரியால்டோவுக்குப் பக்கத்தில்தான்; அங்குள்ள முற்றத்துக்கு இன்றும் அவருடைய நூலின் செல்லப் பெயரான ‘மிலியோன்’தான் பெயர்.

வெனிஸின் அரண்மனைகளுக்குப் பின்னால் மிளகுக் காசும் இருக்கிறது. மலபார் மிளகு அரபு வணிகர்கள் வழியாக எகிப்துக்குப் போய், அங்கிருந்து வெனிஸ் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போனது. 1498-ல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கிய செய்தி வெனிஸ் வணிகர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது அதனால்தான்.

இந்த வரலாற்றை 7 மணி நேரக் கூட்டத்தில் யாரும் பார்க்க முடியாது. இரவு 9 மணிக்கு, பெட்டிச் சக்கரச் சத்தம் அடங்கிய பிறகு, அந்த முற்றத்தில் நான்கு பேராக நின்று பாருங்கள்.

மறுநாள் காலை ரியால்டோ பக்கம் போகும்போது அந்த மருந்துக்கடையையும் தேடுங்கள். பலகையில் ஓடும் எண்ணில் நீங்கள் இல்லை. ஆனால் அந்த எண்ணில் இருக்கும் யாரோ ஒருவர்தான் முந்தைய இரவு உங்களுக்குச் சாப்பாடு பரிமாறியிருப்பார், படகு ஓட்டியிருப்பார், வழி சொல்லியிருப்பார். அவர் அங்கே தொடர்ந்து வாழ முடிந்தால்தான் அடுத்த முறை போகும்போதும் அது ஊராக இருக்கும். எனவே வாட்ஸ்அப் குழுவில் ‘ஒரு நாள் போதுமா?’ என்ற வாக்கெடுப்பை அழித்துவிட்டு, ‘எந்த ராத்திரி?’ என்று புதிதாக ஒன்று போடுங்கள்.